பணிய லயத்துக்குத் தவணை

கேஷிகா பிறந்து வளர்ந்தது கினிகத்தேனைக் கடைத்தெருவில், அப்பா சிதம்பரநாதனின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில். நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே கடைக்குள் இறங்கி சவர்க்காரத்தை நிறம் பார்த்து அடுக்குவாள். பருப்புத் தகரங்களின் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பாள். "என் கல்லாவுக்கு ஆள் பொறந்தாச்சு" என்று அப்பா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவள் படித்தாள் என்று சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும் உயரமான ஸ்டூல் அவளுக்காகவே காத்திருப்பது போலத் தோன்றும். அதில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் பிறகு இறங்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்தது நூலகமும் தகவல் விஞ்ஞானமும். "புஸ்தகம் அடுக்குறதுக்கு நாலு வருஷமா? அத இங்கயே அடுக்கலாமே" என்றார் அப்பா. அவள் பெட்டியைக் கட்டினாள்.

கடைசி வருடத்தில் ஒரு நூலகத்தில் தொழிற்பயிற்சி செய்து, அங்குள்ள பொறுப்பாளரின் கையெழுத்தோடு வந்தால்தான் பட்டம். கொழும்பில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்த அலுவலக நூலகத்தைப் பாதியிலேயே பெட்டிகட்டி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கையெழுத்தில்லை. கூடப் படித்தவர்கள் பட்டமளிப்புக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது, கேஷிகா மறுபடி இடம் தேடினாள். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரி அவளுக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தது. வருடம் முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் அது வேறு ஆளுக்கு. அதற்குப் பிறகு ஸ்டூல்தான்.

அவளைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டது ஒரே ஒரு இடம். ஹட்டனுக்கு மேலே, ஊசிமலைத் தோட்டத்து நூலகம்.

அது முன்பு பிள்ளைக்காம்பராவாக இருந்த கட்டடம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். குழந்தைகளுக்குப் புதிய இடம் கட்டிய பிறகு இதில் ராக்கைகளை நிறுத்திப் புத்தகம் வைத்தார்கள். உத்தரத்தில் குழந்தைகளுக்கு ஏணைத் தொட்டில் கட்டிய கொக்கிகளைக் கழற்ற மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. புத்தகம் தேடி அண்ணாந்து பார்க்கும் யாருக்கும் வரிசையாக அந்தக் கொக்கிகள் தெரியும். காற்றில்லாத நேரத்திலும் அவற்றில் ஏதாவது ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு பனி மேலேறி வரும். ஜன்னலைச் சாத்தினாலும் கீழ் இடுக்கால் நுழைந்து, ராக்கைகளின் கால்களை மூடிவிட்டு நிற்கும். பனி விலகும் காலை நேரத்தில் எதிரே மலைச்சரிவில் ஒரு நீண்ட சிவப்புத் தழும்பு தெரியும். முந்தைய வருட மழையில் மலை இறங்கி வந்த இடம். அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளாக இருந்த லயத்துக்குப் பணிய லயம் என்று பெயர். பணிய என்றால் கீழே. தப்பியவர்களைக் கோயிலுக்கு மேலே பலகை வீடுகளில் குடியேற்றினார்கள். குடி மாறியதே தவிர பெயர் மாறவில்லை. தோட்டத்திலேயே உயரமான இடத்தில் இருந்த அந்த வீடுகளையும் சனங்கள் பணிய லயம் என்றே சொன்னார்கள். வந்த வாரத்தில் கேஷிகா அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் கொடுத்துவிட்டு வந்தாள். ஆகவே, பணிய லயம் என்றால் அவளுக்கு அந்தப் பலகை வீடுகள்தான்.

நூலகப் பொறுப்பாளர் பிரதாபன் முப்பது தாண்டிய மெலிந்த மனிதர். காதைச் சுற்றிச் சால்வை, கையில் எப்போதும் இஞ்சித் தேநீர்.

"கினிகத்தேன ஆளுங்களுக்கு மழையே சீதனம்னு சொல்லுவாங்க. இந்தக் குளிருக்கே உங்க மூக்கு தக்காளி மாதிரி ஆயிருச்சே மிஸ்" என்பார்.

"தக்காளிய விடுங்க சேர். கொம்பியூட்டர எப்ப தொறக்கலாம்?"

"அது கெடக்கட்டும். மொதல்ல தேத்தண்ணி."

அவளுடைய வேலை அதுதான்: பழைய அட்டை முறையிலிருந்த இரவலை எல்லாம் கணினிக்கு மாற்றுவது. ஒவ்வொரு வாசகருக்கும் பெயர் எழுதிய ஒரு சிறிய காகித உறை இருந்தது. புத்தகம் எடுத்துப் போனால் அந்தப் புத்தகத்தின் அட்டை அவருடைய உறைக்குள் போகும். திருப்பித் தரவேண்டிய திகதிக்குப் பின்னால் உறை மரத்தட்டில் நிற்கும். புத்தகம் வந்தால் அட்டை புத்தகத்துக்குத் திரும்பும், உறை வாசகருக்குத் திரும்பும். வராவிட்டால் நினைவூட்ட வேண்டும். திகதி வந்தும் வாசித்து முடிக்காதவர் இரண்டு வாரத் தவணை கேட்கலாம். நேரே வரத் தேவையில்லை. வீட்டு ஆள் வந்து கேட்டாலும் போதும்.

மரத்தட்டின் ஓரத்தில் நூல் கட்டிய சில உறைகள் இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவை எல்லாம் ஒன்றாக அடுத்த திகதிக்குப் போய்விடுவதைக் கேஷிகா கவனித்தாள். தவணை கேட்டு யாரும் வந்ததை அவள் காணவில்லை.

"அந்தக் கட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார் பிரதாபன். "அத மட்டும் தொட வேணாம் மிஸ்."

தேடிப்போய் வாங்கச் சோம்பல்பட்டுத் தவணை போட்டு மறைக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். பாடத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது.

சாவி வேலாயியிடம் இருக்கும். கொழுந்து மலையிலிருந்து இறங்கியதும் நூலகத்தைக் கூட்டித் துடைக்கிற பெண், நாற்பது வயதிருக்கும். ஒரு நாள் பனிக்குள் அவள் முதுகு தெரிய, கேஷிகா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"வேலாயி அக்கா!"

திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டும் அப்படியே நடந்தாள். மூன்றாவது தடவைதான் நின்றாள்.

"என்னா மிஸ்?"

"கூப்பிட்டது கேக்கலையா?"

"மொதத் தடவையே கேட்டுச்சு. பனிக்குள்ள மூணு தடவ கூப்பிட்டாத்தான் நாங்க திரும்புவோம். மத்ததெல்லாம் ஒரு தடவதான் கூப்பிடும்."

"மத்ததுன்னா?"

"மத்ததுதான்." வேலாயி சாவியை நீட்டினாள். "அதே மாதிரி, ஒரே கூப்பிடலுக்கு யாராச்சும் ஏன்னு கொரல் குடுத்தா அதும் நம்ம ஆளில்ல. உங்க கடைத்தெருவுல இதெல்லாம் சரிப்படாது மிஸ். கூப்பிட்டதும் ஓடி வராட்டி யாவாரம் பக்கத்துக் கடைக்குப் போயிருமே!"

கேஷிகா சிரித்தாள். தன் பயிற்சி அறிக்கைக்கு உதவாத விஷயம் என்று அதை அங்கேயே விட்டாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து விரிவுரையாளர் தொலைபேசியில் பேசினார். அடுத்த கிழமை நேரில் பார்க்க வருவாராம். நிலுவையில் ஒரு இரவலும் இல்லாமல் எல்லாம் கணினிக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியை முழுமை என்று ஏற்க முடியாது. பிரதாபன் அன்று ஒரு கூட்டத்துக்கு நுவரெலியா போயிருந்தார். கேஷிகா மரத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொழும்பு வேலை, ஸ்டூல், நூல் கட்டிய உறைகள். பிறகு நூலை அவிழ்த்தாள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் போனாள். தோட்டத்துச் சனங்கள் வேலைக்குப் போகுமுன் கூடி நிற்கும் இடம் அது. எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்க அதைவிட வசதி கிடையாது. வழக்கத்துக்கு மாறாகப் பனி காலையிலேயே கீழிருந்து ஏறி வந்திருந்தது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நின்றார்கள். முன்வரிசைக்கு முகம் இருந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் கூடை மட்டும்தான்.

"புஸ்தகம் எடுத்துட்டுக் குடுக்காத ஆளுங்க பேர வாசிக்கணும், கங்காணி ஐயா."

மாயாண்டிக் கங்காணி மீசையைத் தடவினார். "வாசிங்க மிஸ். எங்க ஆளுங்க புஸ்தகம் எடுத்தா அது தலைக்கு வச்சுப் படுக்கத்தான். எழுப்பிப் பாருங்க."

முதல் பெயர் லோஜன். மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. "வந்துட்டேன் மிஸ்! புஸ்தகத்த ஆடு தின்னுருச்சு!"

"உன் வீட்டுல ஏதுடா ஆடு?" என்று ஒரு பெண் கத்தினாள். "நீயே தின்னுருப்ப!"

களம் சிரித்தது. தர்ஷனையும் மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் நாளைக்குத் தருவதாகச் சொன்னான். கேஷிகாவுக்கு உற்சாகம் வந்தது. நூல் கட்டியிருந்த உறைகளில் மேலே இருந்ததை எடுத்தாள்.

"செ. பிரியந்தி. பணிய லயம்."

சிரிப்பு வெட்டியது போல நின்றது.

"இந்தா இருக்கேன் மிஸ்."

ஒரே கூப்பிடலுக்கு. இளம்பெண் குரல். களத்துக்குக் கீழே, சரிவுப் பக்கமிருந்து வந்தது. ஏற்றம் ஏறி வருகிறவள் போல லேசாக மூச்சு வாங்கியது. கேஷிகா நிமிர்ந்து பார்க்காமலே உறையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு சொன்னாள்:

"பரவால்ல தங்கச்சி. புஸ்தகத்த எடுத்துக்கிட்டு லைப்ரரிக்கு வந்துருங்க."

"சரிங்க மிஸ்."

கூடை ஒன்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது. வேலாயியின் கூடை. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மற்றப் பெண்கள் யாரும் குரல் வந்த பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கேஷிகாவையே பார்த்தார்கள்.

மாயாண்டி கிட்டே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "இன்னொரு தடவ அந்தப் பேரச் சொல்லாதீங்க மிஸ். மத்தப் பேருங்களையும் வாசிக்க வேணாம்."

"ஏன்? அந்தப் புள்ள..."

"அது செல்லசாமி மக. மண்ணு எறங்கின அன்னைக்கு செல்லசாமி கெடைச்சாரு. மக இன்னும் கெடைக்கல."

பெண்கள் படங்கை அவிழ்த்தார்கள். அன்று ஊசிமலையில் ஒருவரும் கொழுந்து மலைக்குப் போகவில்லை.

பிரதாபன் திரும்பி வந்ததும் தேநீர் கேட்கவில்லை. சால்வையைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா தவணைய நகர்த்துறேனே, என்னான்னு நெனச்சீங்க? சோம்பேறின்னா?"

"ஆமா சேர்."

அவர் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அந்த உறைகள் எல்லாமே பழைய பணிய லயத்து ஆட்களுடையவை, மண்ணுக்குள் இருந்து இன்னும் எடுக்கப்படாதவர்களுடையவை என்றார். முதல் தவணை முடிந்த அன்று பிற்பகல் நூலகத்துக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டதாம். கதவைத் தட்டாமல், வரிசையில் நிற்பது போல, பல பேர். அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் எல்லா உறைக்கும் தவணை போட்டார். சத்தம் நின்றது.

"தவண இருக்குற ஆளு வர வேண்டியதில்ல. அதானே சட்டம்? அத வச்சுத்தான் சமாளிச்சேன். பிரியந்தி எடுத்தது பெரிய தேசப்படப் புஸ்தகம். வெளிய குடுக்குற புஸ்தகமே இல்ல அது. ஒவ்வொரு நாட்டுக்கும் வழி பாக்கணும்னு நச்சரிச்சு வாங்கிட்டுப் போச்சு. நல்ல புள்ள. சொன்ன தவணைக்கு ஒரு நாள் பிந்தாது." அவர் கேஷிகாவைப் பார்த்தார். "நீங்க வரச் சொல்லிட்டீங்களே மிஸ்."

அவர் முத்திரையை எடுத்து, பிரியந்தியின் உறைக்குப் புதுத் திகதி அடித்தார். மறுநாள் காலை பார்த்தபோது மை முழுக்க வடிந்து ஓடியிருந்தது. மற்ற உறைகள் காய்ந்தே இருந்தன. மறுபடி அடித்தார். அதுவும் நிற்கவில்லை.

வாசல்படியில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. ஒரு பாதத்தின் முன்பாதி.

அடுத்த பனிக்கு அது வாசலுக்கு உள்ளே வந்திருந்தது. இரண்டு பாதங்கள், சிறியவை, செருப்பில்லாதவை. அதற்கடுத்த பனிக்கு மேசையைத் தாண்டியிருந்தது. உள்ளே வந்த தடம் மட்டும்தான், திரும்பிப் போன தடமில்லை. தடம் போன திசையில், வெளியே கொடுக்காத உசாத்துணைப் புத்தகங்களின் ராக்கை இருந்தது. அதில் ஒரு பெரிய புத்தகம் இருந்த இடைவெளியை யாரும் இன்னும் நிரப்பவில்லை. உத்தரத்துக் கொக்கிகள் ஒன்றுகூட அசையாமல் நின்றன. அசைந்தபோது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது.

வாசிக்க ஒருவரும் வரவில்லை. அவளை அனுப்பிவிடச் சொல்லித் தோட்டத்தில் கதைத்தார்கள். பிரதாபன் அவளுடைய பயிற்சிப் பத்திரத்தை மேசையில் விரித்து, கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினார்.

"வேல முடிஞ்சுதுன்னே எழுதியிருக்கேன். ஒங்க சேர் வந்தா நான் பேசிக்கிறேன். இன்னைக்கே ஹட்டனுக்கு எறங்கிருங்க. நீங்க போனா அதும் நிக்கலாம்."

"நிக்காட்டி?"

அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "அத நான் பாத்துக்கிறேன் மிஸ்." வெளியே போய்விட்டார்.

கேஷிகா பத்திரத்தைக் கையில் எடுத்தாள். இதற்காகத்தான் இத்தனை நாளும் ஓடினாள். பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வேலாயி படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் துடைப்பம் இருந்தது. தரையை அவள் துடைத்திருக்கவில்லை.

"போறீங்களா மிஸ்?"

"போகச் சொல்றாங்கக்கா."

"போங்க. போறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு தடவ எம்மவளக் கூப்பிட்டுட்டுப் போங்க."

பெரட்டுக்களத்தில் உருண்டது பிரியந்தியின் தாயுடைய கூடை என்று கேஷிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அந்த மண்ணு மேல நின்னு தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் வேலாயி. "மூணு தடவ இல்ல, கணக்கே இல்ல. ஒரு சத்தம் வரல. நீங்க கூப்பிட்டீங்க, ஒடனே ஏன்னு கேட்டுச்சு. மூணையும் முடிச்சிருங்க. வந்துருவா."

"வந்தா... எப்படி வருவான்னு நெனச்சீங்களாக்கா?"

வேலாயி எழுந்து உள்ளே போனாள். தரையில் குந்தி, ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்து அளந்தாள்.

"அவ காலுதான். பெருவெரல் வெலகியிருக்கும், அவ அப்பனுக்கும் அப்படித்தான்." விரல் நுனியால் சேற்றைத் தொட்டாள். "எத்தன நாளாச்சு, இன்னும் காயல பாருங்க. எப்படி ஜில்லுன்னு இருக்கு." கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் பேசியபோது குரல் மாறியிருந்தது. "இந்தக் குளிரோட அவ அவ்வளவு தூரம் நடந்து வரணுமா மிஸ்?"

பனி வாசலைத் தாண்டி உள்ளே வரத் தொடங்கியிருந்தது. கேஷிகா பையைக் கீழே வைத்தாள்.

"வரவே வேணாம்னு நான் சொல்ல ஏலாதுக்கா. வரச் சொன்னது நானே. ஆனா இப்ப வர வேணாம்னு சொல்லலாம். அதுக்குத்தான் தவண இருக்கு. பிரதாபன் சேர் போட்டது நிக்கல, ஏன்னா அவர் கூப்பிடல, யாரும் அவர்கிட்ட கேக்கவும் இல்ல. கூப்பிட்ட நான் போடணும். வீட்டு ஆளு நீங்க வந்து கேக்கணும்."

"கேட்டா வர மாட்டா?"

"ரெண்டு கெழமைக்கு வர மாட்டா."

"அதுக்கப்புறம்?"

"திரும்பக் கேக்கணும்."

வேலாயி மறுபடி அந்தத் தடத்தைப் பார்த்தாள். கேட்டால் மகள் வரமாட்டாள். கேட்காவிட்டால் வருவாள். வெளியே சரளைக்கல் ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்டே.

"அப்ப ஒவ்வொரு தடவையும் நீங்க இங்க இருக்கணுமே" என்றாள் வேலாயி. "நீங்கதான் கொழும்புக்குப் போகப் போறீங்களே."

கேஷிகா பையைப் பார்த்தாள். "எங்க போனாலும் வந்துருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேலாயி எழுந்து, சேலையைச் சரிசெய்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். துடைக்க வருகிறவளாக அல்ல, வாசகர் நிற்கிற இடத்தில். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எம்மவ பிரியந்தி எடுத்த புஸ்தகத்துக்குத் தவண வேணும் மிஸ். அவ இன்னும் பாத்து முடிக்கல."

கேஷிகா முத்திரையை மையில் அழுத்தி உறையில் அடித்தாள். காலிக் கட்டடத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடிக்கு மிக அருகில்:

"சரிங்க மிஸ்."

பிறகு காலடிகள், இறக்கத்தில் இறங்கிப் போகிறவை. ஈர மண்ணில் கால் வைத்து எடுக்கும் சத்தம் மெல்ல மெல்லச் சிறுத்தது. கேஷிகாவின் கை முத்திரையிலிருந்து எடுபடவில்லை.

வேலாயி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது, உதடு சிரித்தது. "பாத்தீங்களா, எனக்கு ஒரு வார்த்த சொன்னாளா? புஸ்தகம் கையில இருந்தா அவளுக்கு அம்மா வேணாம். எப்பவும் இப்படித்தான்."

மறுநாள் மை காய்ந்திருந்தது. கேஷிகா அன்றைக்குப் போகவில்லை. மற்ற இரவல்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி முடித்தாள்.

விரிவுரையாளர் வந்தபோது பழைய பணிய லயத்து உறைகள் இருந்த சின்னத்தட்டு ஒன்று மட்டும் மேசையில் மிஞ்சியிருந்தது. "இது ஏன் ஏத்தல?" என்று ஒரு உறையை எடுத்துப் பெயரை வாசிக்க வாயைத் திறந்தார். பிரதாபன் மூச்சடைத்தவர் போல இருமினார். கேஷிகா எட்டி உறையை வாங்கிக்கொண்டாள்.

"பேர வாசிக்காமப் பாருங்க சேர். இவங்க தவண கேட்டிருக்காங்க."

அவர் ஜன்னலில் ஏறி நின்ற பனியைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கணினிமயமாக்கல் பெரும்பாலும் முழுமை" என்று எழுதிவிட்டு, தேநீர் குடிக்காமல் வண்டியேறினார். பெரும்பாலும் போதுமாக இருந்தது. பட்டம் வந்தது.

கேஷிகா இப்போது கொழும்பில் அந்தக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள். குளிரூட்டிய மண்டபம், கண்ணாடிக் கதவு, தானே திறக்கும் பூட்டு. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை விடியலில் கொழும்புக் கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறுவாள். "அங்க யாரு மிஸ் இருக்கா? மாப்பிள்ளையா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "வாசகர்" என்பாள். கினிகத்தேனையில் பஸ் நிற்கும்போது அப்பாவின் கடைக்குள் ஸ்டூல் தெரியும். காலியாக இருக்கும். ஒரு முறை அப்பா ஜன்னலோரம் வந்து, "புஸ்தகத்துக்காக ரெண்டு கெழமைக்கு ஒருக்கா மலையேறுறவளுக்குக் கல்லாவுல உக்கார முடியலையா?" என்று கேட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இறங்க முடியாத ஸ்டூல் வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை தவறிவிட்டது. கல்லூரியில் புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கும் இருப்பெடுப்பு, விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு தவணைக்கு என்ன ஆகிவிடும், திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத மண்டபத்தில் ராக்கைகளுக்கு நடுவே குனிந்து நின்றபோது, பின்னாலிருந்து கேட்டது.

"மிஸ்."

அவள் திரும்பவில்லை. மண்டபத்துக்குள் அப்போது குளிர் கூடியிருந்தது. கண்ணாடிக் கதவு உள்பக்கமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

"மிஸ்."

இன்னும் கிட்டே. வெகுதூரம் நடந்து வந்தவள் போல மூச்சு வாங்கியது. ஈர மண்ணின் வாடை வந்தது. மற்றதெல்லாம் ஒரு தடவைதான் கூப்பிடும் என்று வேலாயி சொல்லியிருந்தாள். இது இரண்டு. மூன்றாவதுக்குத் திரும்பாமல் இருக்கத் தன்னால் முடியுமா என்று கேஷிகாவுக்குத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, பின்னால் பார்க்காமல், தெருவுக்கு இறங்கி, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினாள்.

ஊசிமலைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் பனி ஏறத் தொடங்கியிருந்தது. பிரதாபன் கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே குளிரில் நின்றார். வேலாயி முந்தைய நாளிலிருந்தே அங்கேதான் இருந்தாளாம். கேஷிகா உட்காருவதற்குள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தவண வேணும் மிஸ்."

முத்திரை விழுந்தது. பிரதாபனும் உள்ளே வந்தார்; மை காயும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்தது.

"தேடி வந்தாளா?" என்று மெதுவாகக் கேட்டாள் வேலாயி.

கேஷிகா தலையாட்டினாள்.

"எது வரைக்கும்?"

"கொழும்பு வரைக்கும்க்கா."

வேலாயியின் முகம் மலர்ந்ததைக் கேஷிகா அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

"கொழும்பு வரைக்குமா!" என்றாள் வேலாயி. "ஹட்டன் டவுனுக்கே நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் அவள. இப்ப வழி பாத்துப் போயிருக்கா பாருங்க. அந்தத் தேசப்படப் புஸ்தகம் அவ கையிலதானே மிஸ் இருக்கு."